தங்கத்தாய் பேரில் இருபத்து மூன்று கிலோ

கோயம்புத்தூர்
6.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு ராணி எழுதுவது.

நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் காது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் நான் போட்ட சத்தத்தில் எங்கள் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீங்களோ நான் என்ன கேட்டாலும் “சாப்பிட்டேன், சாப்பிட்டேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதனால் மறுபடியும் கடிதத்துக்கே வந்துவிட்டேன். வாசித்துச் சொல்லப்போகும் ஹபீப் மாமாவுக்கு என் சலாம்.

ஒரு செய்தி அப்பா. ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு நாடு. அங்கே மலைமேல் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்க்கப் போகும் நர்சுகளில் என்னையும் எடுத்திருக்கிறார்கள். அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். படத்தைப் பார்த்தபோது நம் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. மே மாதம் கிளம்ப வேண்டும். வழியில் எத்தியோப்பியாவில் விமானம் மாற வேண்டுமாம். அதற்காக அடுத்த மாதம் சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

ஒரு நிபந்தனை உண்டு. போகிறவர்கள் தங்கள் பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆகும் பணத்தைத் தாங்களே நன்கொடையாகத் திரட்ட வேண்டும். மூன்று லட்சம். இன்டர்நெட்டில் ஒரு வேண்டுகோள் எழுதிப் போட்டேன். பாதிக்குமேல் வந்துவிட்டது. எழுதியது இதுதான்:

“எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, திருநெல்வேலி மாவட்டத்து மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், என் அம்மா தங்கத்தாய் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு இறந்துபோனார். அந்த மலையில் ஒரு நர்ஸ்கூட இல்லை. கீழே வரும் பஸ்ஸிலேயே உயிர் போய்விட்டது. அதனால்தான் நான் நர்ஸ் ஆனேன். இன்னொரு மலையில் இன்னொரு குழந்தைக்கு அப்படி ஆகக் கூடாது.”

ஹபீப் மாமா, இந்த இடத்தை அப்பாவுக்குப் பைய வாசியுங்கள்.

போய் வா என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள் அப்பா.

உங்கள் மகள்
முத்துராணி


சேரன்மகாதேவி
19.1.2025

என் தாயி ராணிக்கு அப்பா கொம்பையா சொல்லி, ஹபீப் முகம்மது எழுதுவது.

பொங்கலுக்கு நீ வரவில்லை என்பதைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போகிறது. போன வருஷம் எஸ்டேட்டை விட்டு எல்லோரும் இறங்கினோமே, மேலே அடுத்த வீட்டில் இருந்த பிச்சைக்கண்ணு இங்கேயும் எனக்கு அடுத்த வீட்டுக்காரியாகவே வந்து வாய்த்திருக்கிறாள். அவள் வைத்த பொங்கலைத்தான் சாப்பிட்டேன். உப்பு கூடுதல். சொன்னால் சண்டைக்கு வருவாள்.

ஹபீப் பாய் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதியே பழகியவர். இந்தக் கடிதத்துக்கும் மேலே ‘பொருள்’ என்று ஒரு வரி போட்டார். “மவளுக்கு எழுதுறதுல அது எதுக்குவே?” என்று கேட்டேன். “அது இல்லாம எழுதுனா எனக்குக் கை ஓடாது” என்றார். அப்புறம் அடித்துவிட்டார். மேலே அடித்தல் இருந்தால் அதுதான்.

தூர தேசம் என்று எனக்குப் பயமில்லை. என் அப்பா கயத்தாறுப் பக்கத்திலிருந்து மலை ஏறியபோது அதுவும் தூர தேசம்தான். போய் வா. மாப்பிள்ளை ஆறு மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்பதை மட்டும் யோசித்துக்கொள்.

பிச்சைக்கண்ணுவிடம் சொன்னேன். “எங்கன?” என்றாள். ஆப்பிரிக்கா என்றேன். “பஸ் போவுமா?” என்றாள். பிளேன் என்றேன். “அப்பம் செலவு ஆவுமே” என்று முந்தியில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை அவிழ்த்து நீட்டினாள். வேண்டாம் என்றதற்கு, “நான் சோறூட்டுன புள்ளைக்குக் குடுக்கேன். ஒமக்கு என்னவே?” என்று கேட்டாள். தபாலாபீசில் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு காரியம். நீ எழுதியதில் அம்மா கதையை எடுத்துவிடு. முக்கியமாக, நர்ஸ் இல்லை என்ற வரியை எடுத்துவிடு. அது இல்லாமல் வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக் கேள். காரணம் கேட்காதே.

அப்பா
கொம்பையா (கைநாட்டு)


கோயம்புத்தூர்
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பிச்சைக்கண்ணு அத்தை அனுப்பிய பணம் வந்தது. என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

காரணம் கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் எப்படி இருப்பது? உங்களுக்கு யாரிடமும் எதையும் கேட்பது பிடிக்காது, எனக்குத் தெரியும். நர்சிங் படிக்கும்போது ஃபீஸுக்குத் தவணை கேட்க வந்த நீங்கள் காலேஜ் ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, “நீயே கேட்டுரு தாயி” என்று என்னை உள்ளே அனுப்பினீர்கள். கேட்பது கேவலமில்லை அப்பா. நான்கு ஞாயிற்றுக்கிழமை முந்திரிகொத்து செய்து எடுத்துக்கொண்டு போய் வார்டு வார்டாக விற்றேன். டாக்டர்களிடம் கேட்டேன். பால்காரரிடம்கூடக் கேட்டேன். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்புவது அம்மாவைப் பற்றிய அந்த நான்கு வரியைப் படித்துவிட்டுத்தான்.

இருபத்து மூன்றாம் தேதி இங்கே ஒரு மண்டபத்தில் நிதி திரட்டும் விருந்து வைத்திருக்கிறார்கள். இருநூறு பேர் வருகிறார்கள். நான் மேடையில் நின்று அம்மா கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மீதிப் பணம் அன்றைக்கே சேர்ந்துவிடுமாம். ஒத்துக்கொண்டுவிட்டேன்.

அந்த நான்கு வரியில் பொய் ஏதும் உண்டா அப்பா? நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன்?

ஹபீப் மாமா, இதை மட்டும் அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம். அவருக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? எதையாவது மறைக்கிறாரா? தனியாக ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

மகள்
ராணி


சேரன்மகாதேவி
9.2.2025

ராணி,

இதைத் தாலுகா ஆபீஸ் வாசலில் வைத்துச் சொல்ல முடியாது என்பதால் ஹபீப் பாய் வீட்டு மாடிக்கு வந்திருக்கிறேன். எழுதத் தெரியாதவனுக்கு ரகசியம் கிடையாது தாயி. ஒருவர் காதிலாவது போட்டுத்தான் ஆக வேண்டும். நீ வாசிக்க வேண்டாம் என்றதையும் பாய் வாசித்துவிட்டார். “வாசிக்க வேண்டாம்னு போட்டிருக்கு” என்பதையும் சேர்த்தே வாசித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மலையில் நர்ஸ் இருந்தார். எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ். பெயர் ஜெமிமா.

ஆடி மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நல்ல மழை. உன் அம்மா காலையில் போய்ப் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் காட்டில் இறங்கினாள். ஒன்பது மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு லீவு ஏற்கெனவே தீர்ந்திருந்தது. பேர் கொடுத்துவிட்டுப் பாதியில் போனால் அன்றைய சம்பளம் போய்விடும்.

அந்த மாதிரி நாளுக்கென்று நம் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முடியாதவளைப் பின்பாதை வழியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் ஆளுக்கு நாலு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். நிறுவையில் அவள் பேரைச் சொல்லி வைப்பார்கள். அவள் முழு நாளும் பறித்த மாதிரி கணக்கில் ஏறிவிடும். உன் அம்மாவும் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குப் போட்டவர்கள் ஐந்து பேர். பிச்சைக்கண்ணு, சண்முகசுந்தரி, இன்னும் மூன்று பேர். “நீ போய்ப் படு மைனி, நாங்க பாத்துக்கிடுதோம்” என்று அனுப்பியது பிச்சைக்கண்ணுதான்.

மத்தியானம் நான் தேயிலைச் செடி வெட்டும் கவாத்து வேலையிலிருந்து சாப்பிட வந்தபோது அவள் படுத்திருந்த கோரைப்பாய் ரத்தத்தில் நனைந்திருந்தது. ஓடிப்போய் ஜெமிமா அம்மாவைக் கூட்டி வந்தேன். பார்த்தார். “இது இங்கன வச்சுப் பாக்குற காரியம் இல்ல. மேனேஜர்கிட்ட ஜீப்பக் கேளும். ஓடும்” என்றார்.

ஓடினேன். ஜீப் ஆபீஸ் முன்னால்தான் நின்றது. மேனேஜர் கெட்டவர் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். உள்ளே போனபோது மத்தியான நிறுவைச் சீட்டைக் கணக்கப்பிள்ளை அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தார். “தங்கத்தாய், ஒம்பது கிலோ” என்று என் காதாலேயே கேட்டேன். அப்போது காது நன்றாகக் கேட்கும்.

என் பெண்டாட்டி காலையிலிருந்து வீட்டில் கிடக்கிறாள் என்று சொன்னால், இந்த ஒன்பது கிலோவைப் பறித்தது யார் என்று கேட்பார்கள். இப்போதுதான் முடியாமல் போனது என்றாலும், ஜெமிமா அம்மாவைக் கேட்டால் காலையிலிருந்தே என்று தெரிந்துவிடும். அதற்கு முந்தின வருஷம் இப்படிப் பிடிபட்ட இரண்டு பெண்களை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஐந்து வீட்டு அடுப்பு என் கண்ணில் வந்து நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் வரும், அதுவரைக்கும் தாங்கிவிடுவாள் என்று ஒரு நினைப்பு.

“என்ன கொம்பையா?” என்று மேனேஜர் கேட்டார்.

“நாளைக்கு எந்தக் காட்டுல கவாத்துன்னு கேக்க வந்தேங்கய்யா” என்றேன்.

“பதினாறாம் நம்பர்” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஹபீப் பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “எழுதும்வே” என்றேன். எழுதுகிறார்.

ஜெமிமா அம்மாவிடம், ஜீப் கீழே போயிருக்கிறதாம் என்று சொன்னேன். வழியில் மரம் விழுந்து பஸ் ஏழேகாலுக்குத்தான் வந்தது. உன்னைச் சண்முகசுந்தரியிடம் விட்டுவிட்டு ஏறினோம். செக்போஸ்டுக்கு முந்தின கொண்டை ஊசி வளைவில் அவள் போய்விட்டாள். தலை ஜெமிமா அம்மா மடியில் இருந்தது. கடைசி வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

சாயங்கால நிறுவையில் பதினாலு கிலோ. உன் அம்மா செத்த அன்றைக்கு அவள் பேரில் இருபத்து மூன்று கிலோ ஏறியிருக்கிறது. அந்தச் சம்பளத்தைக் கைநாட்டு வைத்து நான்தான் வாங்கினேன்.

மூன்று மாதத்தில் ஜெமிமா அம்மா மாற்றலாகி இறங்கிவிட்டார். அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அப்புறம் ஒருநாள், “ஏம்ப்பா அம்மா செத்துட்டா?” என்று நீ கேட்டாய். பிச்சைக்கண்ணு உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? “மலையில நர்ஸ் இல்ல தாயி” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளைக்குச் சொல்கிற சமாதானம் என்று விட்டுவிட்டாள். “அப்பம் நான் நர்ஸ் ஆவுதேன்” என்றாய். அன்றைக்கே திருத்தியிருக்க வேண்டும். நீ படிக்கத் தொடங்கியபோதாவது திருத்தியிருக்க வேண்டும். நல்லதுதானே நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஆபீசில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அந்த ஐந்து பேருக்கும் தெரியாது. மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சண்முகசுந்தரி தென்காசியில் மகனோடு இருக்கிறாள். பிச்சைக்கண்ணு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கொழுந்து போட்ட கைதான் ஜீப்பைத் தடுத்தது என்று அவள் சாகிறவரைக்கும் அறியக் கூடாது. அதை எங்கேயும் எழுதாதே. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது.

கொம்பையா (கைநாட்டு)


சேரன்மகாதேவி
5.3.2025

ராணிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரரைத் தினமும் கேட்டால் அவருக்கு எரிச்சல் வருகிறது. மாப்பிள்ளை போனில் ஹபீப் பாயிடம் பேசி, நீ வேலைக்குப் போய் வருவதாகச் சொன்னாராம். அது போதும்.

ஜெமிமா அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் மகள் ரீபா வீட்டில் இருக்கிறார். எண்பது வயது. ஹபீப் பாய்தான் விசாரித்துக் கூட்டிப் போனார். அவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். முடித்தபிறகு சொன்னார்:

“ஜீப்பு நின்னது எனக்குத் தெரியும்வே. பஸ்ஸுக்குத் தூக்கிட்டு நடந்தோமே, ஆபீஸ் முன்னால நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நீரு கேட்டு அந்த மனுசன் இல்லன்னுட்டாரு, அத வெளிய சொல்லப் பயந்து நீரு மறைக்கிறீருன்னு நெனச்சேன். முப்பத்தோரு வருசமா அவரத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன். இந்தா, நாலு தெரு தள்ளித்தான் வீடு. அவரு செத்தப்போ நான் துட்டிக்குக்கூடப் போவல.”

நான் இத்தனை வருஷமாக என்னை மட்டும் நினைத்து அழுதிருக்கிறேன் ராணி. அந்த மேனேஜர் பேரில் அவர் செய்யாத ஒரு பாவம் ஏறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மலையில் நர்ஸ் இல்லை என்று நீ எழுதியதையும் சொன்னேன். கோபப்படவில்லை. “எந்த வார்டு பாக்கா?” என்று கேட்டார். பிரசவ வார்டு என்றேன். “ஊசி வலிக்காமப் போடுவாளா?” என்றார். எனக்கு அவள் போட்டதில்லையே அம்மா என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தார். காப்பி கொடுத்தார்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி விருந்து என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு என்ன பேசினாய் என்று மட்டும் சொல். திட்டுவதானாலும் எழுதியே திட்டு. பாய் வாசிப்பார்.

அப்பா
கொம்பையா (கைநாட்டு)


கோயம்புத்தூர்
22.3.2025

அப்பாவுக்கு,

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். எழுத உட்கார்ந்தால், “நாளைக்கு எந்தக் காட்டுல கவாத்து” என்பது வந்து முன்னால் நின்றுவிடுகிறது.

அன்றைக்கு மேடையில் ஏறினேன். பின்னால் பெரிய திரையில் அம்மாவின் ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டிருந்தார்கள். “நான் எழுதிய கதையில் ஒரு பிழை இருக்கிறது. அந்த மலையில் நர்ஸ் இருந்தார். பெயர் ஜெமிமா. என் அம்மா இறந்தது அவர் மடியில். அவரை இல்லை என்று எழுதியதற்காக உங்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்” என்றேன். “அப்படியானால் உங்கள் அம்மா ஏன் இறந்தார்?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றேன். “நான் பிரசவம் பார்க்கத் தெரிந்தவள். அங்கே ஆள் இல்லை. அதற்காக மட்டும் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்” என்று சொல்லி இறங்கிவிட்டேன். இன்டர்நெட்டில் இருந்ததையும் அன்றைக்கே மாற்றினேன்.

சிலர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏற்பாடு செய்தவர்களுக்கு என்மேல் வருத்தம். ஆறு மாதம் மூன்று மாதமாகிவிட்டது. இருக்கிற பணத்துக்கு அவ்வளவுதான் முடியும். அத்தையின் ஐந்நூறு அதில் இருக்கிறது. அத்தையிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஜெமிமா அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஊசி வலிக்காமல் போடுவேன் என்று எழுதினேன்.

உங்களுக்கு என்ன எழுதுவது? நீங்கள் ஐந்து வீட்டைப் பார்த்தீர்கள். அது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. கேட்டிருக்கலாம் அப்பா. கேட்டதால் அந்த ஐந்து பேரும் ஒரு மாதம் பட்டினி கிடக்க நேர்ந்தாலும், அம்மாவுக்காக அவர்கள் கிடந்திருப்பார்கள். அதை நீங்கள் அவர்களிடமும் கேட்கவில்லை. இந்தக் கோபத்தோடுதான் போகப்போகிறேன். வந்தபிறகு நேரில் சண்டை போடுகிறேன். அதுவரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் அந்த ஊர் மொழி வகுப்பு நடக்கிறது. இங்கே படிக்க வந்திருக்கும் மலாவிப் பையன் ஒருவன்தான் வாத்தியார். முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். மற்றவர்கள் வணக்கமும் நன்றியும் கேட்டார்கள். நான், “எனக்கு வண்டி வேண்டும், இப்போதே” என்பதைக் கேட்டேன். எழுதிக் கொடுத்தான்.

ந்டிகுஃபுனா கலிமோட்டோ ட்ஸோபானோ.

தினமும் பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

ராணி


சேரன்மகாதேவி
3.4.2025

என் தாயிக்கு,

கடிதம் வந்தது. சண்டை போட வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பாயிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று மாதமும் சாகாமல் கிடப்பேன்.

அவர்களிடமும் நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. சரிதான்.

கடைசியில் எழுதியிருந்த வரி பாய் வாயில் நுழையவில்லை. ஏழெட்டுத் தடவை வாசிக்கச் சொன்னேன். அவர் தடுமாறத் தடுமாற எனக்குப் பாடமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். காது மந்தமானவன், சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். பிச்சைக்கண்ணு வந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருகூடவே பேசுதீரு?”

“ராணி போற ஊருப் பாஷை” என்றேன்.

“என்ன சொல்லுது அது?”

“எனக்கு வண்டி வேணும், இப்பமே.”

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

“இம்புட்டுத்தான்” என்றேன்.

அப்பா
கொம்பையா (கைநாட்டு)